முந்நூற்று நாற்பது தப்படி

ஜனவரி 4, ஞாயிறு

இது என் நோட்டு. என் பெயர் ஆறுக்குட்டி. வயது எழுபத்திரண்டு. இதை எழுதுவதும் நான்தான்.

எழுதி முடித்ததும் சத்தமாகப் படித்துப் பார்த்தேன். கட்டியிருந்த ஆடு திரும்பிப் பார்த்தது. முதியோர் வகுப்பில் பத்து மாதம் உட்கார்ந்ததற்கு ஜெசிந்தா டீச்சர் கொடுத்த பரிசு இந்த நோட்டு. தினமும் எழுதுங்கள், ஒரு வரியானாலும் போதும் என்றார். எனக்கு ஒரு வரி போதாது. பஸ் போர்டு, சோப்பு உறை, மருந்து அட்டை என்று எதைப் பார்த்தாலும் நின்று படித்துவிட்டுத்தான் நகர்கிறேன். மில் சுவரில் 'இங்கே சிறுநீர் கழிக்காதீர்' என்று எழுதியிருப்பதைப் போன வாரம் படித்தேன். இத்தனை வருடம் அங்கே நான் செய்த காரியத்தை நினைத்துச் சிரித்துக்கொண்டே வந்தேன்.

என் வேலையைச் சொல்கிறேன். கோயம்புத்தூருக்குக் கிழக்கே மூடிக் கிடக்கும் நூல் மில்லுக்கு நான் காவல். மில் முதலாளி அந்தக் காலத்தில் சொந்தமாகச் சின்ன விமானம் வைத்திருந்தார். அது இறங்கப் போட்ட சிமெண்டுத் தளம் இன்னும் இருக்கிறது. பத்தொன்பது வருடமாக அதில் மோட்டார் சைக்கிள் பந்தயம் நடக்கிறது. வளைவு கிடையாது. இரண்டு வண்டிகள் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும். கம்பத்தில் பச்சை விளக்கு எரிந்ததும் கிளம்ப வேண்டும். நானூற்று இரண்டு மீட்டர். கோட்டை முதலில் தாண்டியவருக்கு வெற்றி. டிராக் ரேஸ் என்று பெயர். பதின்மூன்று, பதினான்கு செகண்டில் முடிந்துவிடும். அதற்குள் என்னால் 'பந்தயம்' என்ற சொல்லைக்கூட எழுதி முடிக்க முடியாது.

தளத்தைக் கூட்டுவது, கல் பொறுக்குவது, கேட்டைத் திறந்து மூடுவது என் பொறுப்பு. ஓட்டுகிறவர்களில் பணக்காரர் யாரும் இல்லை. வெல்டிங் அடிக்கிறவர், பேக்கரியில் ரொட்டி போடுகிறவர், இப்படித்தான். அதில் ஒருத்தி என் மகள் மரகதம். முப்பத்தாறு வயது. பம்பு கம்பெனியில் லேத் ஓட்டுகிறாள். அவள் பந்தய வண்டி பழைய டூ ஸ்ட்ரோக் வண்டி. எஞ்சினை அவளே குடைந்து, அவளே பூட்டியது.

நான் வகுப்புக்குப் போவது அவளுக்குத் தெரியாது. கோயிலுக்குப் போகிறேன் என்று சொல்லியிருக்கிறேன். எழுபது வயதில் சிலேட்டா என்று சிரிப்பாள்.

ஜனவரி 6, செவ்வாய்

ஆட்டுக்கு வயிறு உப்பிவிட்டது. ஓமம் அரைத்து ஊற்றினேன். 'உப்பி' என்பதை மூன்று தரம் அழித்து எழுதினேன்.

ஜனவரி 10, சனி

இன்று மறக்க முடியாத நாள். ஃபெடரேஷனின் வேதமூர்த்தி சார் சென்னையிலிருந்து வந்தார். பந்தயம் நடத்த அனுமதி கொடுக்கிற சங்கத்தைத்தான் ஃபெடரேஷன் என்கிறார்கள். பிப்ரவரி எட்டாம் தேதி பந்தயம். அதற்கு முன்னால் தளத்தைப் பார்த்துச் சான்றிதழ் எழுத வேண்டும்.

வெள்ளைக் கார். தளத்தில் பாதி தூரம் போய்த் திரும்பி வந்தது. அவர் இறங்கவில்லை, வெயில். கலெக்டர் ஆபீசுக்குப் போகிற தாள் என்பதால் தமிழில் இருந்தது. நான்கு பக்கம். தளப் பொறுப்பாளர் என்ற இடத்தில் என்னைக் கையெழுத்துப் போடச் சொன்னார்.

போட்டேன்! நீல மை, அவருடைய பேனா. ஆ, று, க், கு, ட், டி. கடைசி எழுத்தின் சுழி மட்டும் கொஞ்சம் பெரிதாகிவிட்டது. மை டப்பாவை அவர் மறுபடியும் பைக்குள்ளேயே வைத்துக்கொண்டார். என் ஆயுளில் பெருவிரல் இல்லாமல் நான் கொடுத்த முதல் தாள் இது.

ஜனவரி 11, ஞாயிறு

"சார் என்னங்ப்பா சொன்னாரு?" என்று மரகதம் கேட்டாள்.

"பாத்துட்டுப் போனாரு."

"பள்ளத்தப் பாத்தாரா?"

"பாத்துட்டுத்தான் போனாரு."

கையெழுத்தைப் பற்றிச் சொல்லவில்லை. சொன்னால் வகுப்பைப் பற்றியும் சொல்ல வேண்டும்.

ஜனவரி 15, வியாழன்

பொங்கல். நன்றாகப் பொங்கியது. கரும்பு கடிக்கப் பல் இல்லை.

ஜனவரி 18, ஞாயிறு

பள்ளத்தைப் பற்றி இதுவரை எழுதாமல் இருந்துவிட்டேன். எழுத நேரமில்லை என்று இல்லை.

போன ஆகஸ்டில் புறவழிச்சாலைக்காரர்கள் வந்து, தளத்தின் கடைசிப் பக்கத்தைக் குறுக்கே வெட்டி மழைநீர்க் கால்வாய் தோண்டினார்கள். இரண்டு ஆள் ஆழம். அதற்கு அக்கட்டால், அந்தப் பக்கம் இருந்த தளம் போய்விட்டது. முன்பெல்லாம் முடிவுக்கோட்டைத் தாண்டிய வண்டி நிற்பதற்கு ஐந்நூறு மீட்டர் இருந்தது. இப்போது அதில் பாதிகூட இல்லை. பள்ளம் வந்த பிறகு வருகிற முதல் பந்தயம் இதுதான். அதுவரைக்கும் இருநூறு மீட்டர் ஓட்டித்தான் பழகுகிறார்கள்.

இன்று எல்லோரும் ஷெரிஃபின் ஒர்க்ஷாப்பில் கூடினார்கள். கிளப்புக்குச் செயலாளர் அவர்தான். நான் டீ வாங்கிக் கொடுத்துவிட்டு மூலையில் உட்கார்ந்தேன். ஷெரிஃப் ஃபைலைப் பிரித்தார்.

"பதினோரு லெட்டர் போட்டாச்சு. மொத லெட்டரு, பள்ளம் வந்திருச்சு, இந்த வருசம் இருநூறு மீட்டராக் குறைச்சு ஓட்டிக்கிறோம்னு கேட்டோம். பதில் என்ன தெரியுமா? விதிப்புத்தகத்துல நானூத்தி ரெண்டுதான் இருக்குதாம். சரி, அப்ப திசைய மாத்தி, பள்ளத்துப் பக்கமிருந்து கிளம்பி கேட்டுப் பக்கம் வாறோம், கேட்டுக்கு வெளிய நேரா ரோடு இருக்குதுன்னு எழுதுனோம். திசை மாற்றத்துக்கான படிவம் பின்னர் அறிவிக்கப்படுமாம்."

"எப்பங்ண்ணா அறிவிப்பாங்களாம்?"

"அதுக்கு ஒரு படிவம் வரும்."

பெனடிக்ட் சிரித்தான். பேக்கரியில் ரொட்டி போடுகிறவன் அவன்தான். "பள்ளத்துல விழுகறப்ப ஸ்டிக்கர் எந்தக் கலர்ல இருக்கோணும்னு கேட்டு ஒரு லெட்டர் போடுங்கண்ணா. அதுக்குன்னா மறுநாளே பதில் வரும்."

மரகதத்துக்குச் சிரிப்பு வரவில்லை. போன வருடம் அவள் பதின்மூன்று புள்ளி நான்கு செகண்டில் ஓடி முதலாவதாக வந்தாள். நம்பர் ஸ்டிக்கர் மஞ்சளாக இருக்க வேண்டும், இது வெளிர்மஞ்சள் என்று அந்த நேரத்தையே அடித்துவிட்டார்கள். அதனால் அகில இந்தியப் போட்டிக்குப் போக முடியவில்லை. அதற்கு முந்தின வருடம் வேறொரு காரணம்.

"ஓட்டாம விட்டா என்னண்ணா ஆகும்?" என்று ஒருவர் கேட்டார்.

"தளத்துக்கு அங்கீகாரம் போயிரும். மூணு வருசம். நம்ம லைசென்சையும் நிறுத்தி வெப்பாங்க."

"நான் ஓட்டறண்ணா" என்றாள் மரகதம். "இருக்கற தூரம் போதும். நிறுத்திருவேன்."

"நூத்தி அறுபதுல வந்து கோட்டத் தாண்டுவ. பழைய டிரம் பிரேக்கு, சட்டுனு புடிக்காது."

"நிறுத்திருவேன்னு சொல்றனில்லீங்களா."

ஷெரிஃப் என்னைப் பார்த்தார். நான் டீ கிளாஸ்களை எடுத்துக்கொண்டு வெளியே வந்துவிட்டேன்.

ஜனவரி 21, புதன்

முடிவுக்கோட்டிலிருந்து பள்ளத்தின் விளிம்பு வரை நடந்து அளந்தேன். முந்நூற்று நாற்பது தப்படி. திரும்ப நடந்தேன், முந்நூற்று நாற்பத்தொன்று. மூன்றாம் தரம் முந்நூற்று நாற்பது. ஷெரிஃபின் டேப்பில் இருநூற்று நாற்பது மீட்டர் என்று ஏற்கெனவே அளந்திருக்கிறார்கள். என் கால் பொய் சொல்லவில்லை.

விளிம்பில் நின்று எட்டிப் பார்த்தேன். அடியில் கருங்கல் பதித்திருக்கிறார்கள்.

வேதமூர்த்தி சாரின் கார் இங்கே வரை வரவில்லை.

ஜனவரி 25, ஞாயிறு

ஷெரிஃப் சென்னைக்கே போய் அந்தச் சான்றிதழின் நகலை வாங்கி வந்துவிட்டார். இன்று ஒர்க்ஷாப்பில் அதைப் படித்தார். அவர் படித்தது அப்படியே நினைவில் இருக்கிறது.

"முடிவுக்கோட்டுக்கு அப்பால் வண்டி நிற்பதற்கு ஐந்நூறு மீட்டர் தடையற்ற தளம் உள்ளது. தளப் பொறுப்பாளர் நேரில் அளந்து உறுதி செய்துள்ளார்."

"ஐந்நூறா?" என்று எல்லோரும் எழுந்துவிட்டார்கள்.

"போன வருசப் பேப்பருல தேதிய மட்டும் மாத்திருக்கானுக. நான் சண்ட போட்டா அந்தாளு சொல்றாரு, உங்க ஆளே கையெழுத்துப் போட்டிருக்காரு, இனி நாங்க என்ன பண்ணன்னு."

"எங்கண்ணா, காட்டுங்க." பெனடிக்ட் தாளை வாங்கினான். "இதென்ன கையெழுத்து? எறும்பு மையில விழுந்து நடந்து போன மாதிரி இருக்குது!"

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

"தளப் பொறுப்பாளர்னா நம்ம அய்யா. அய்யா கைநாட்டு" என்றார் ஷெரிஃப். "எவனோ அவரு பேருல கிறுக்கி வெச்சிருக்கான். ஃபோர்ஜரி. இத விடக் கூடாது."

மரகதம் தாளை வாங்கி வெகுநேரம் பார்த்தாள். பிறகு சொன்னாள்: "எங்கப்பனுக்கு எழுதத் தெரியாதுங்கற தைரியத்துல பண்ணிருக்கானுக."

எனக்காகக் கோபப்பட்டாள். அதை நான் எழுதித்தான் ஆக வேண்டும்.

ஜனவரி 26, திங்கள்

காய்ச்சல் போல இருக்கிறது. வகுப்புக்குப் போகவில்லை.

ஜனவரி 27, செவ்வாய்

ஷெரிஃப் ஒரு தாள் தட்டச்சு அடித்துக்கொண்டு வந்தார். அந்தக் கையெழுத்து என்னுடையது அல்ல, எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது என்று இருந்தது. இதை நான் படித்தேன். முழுவதும் படித்தேன். அவர் மை டப்பாவைத் திறந்து என் விரலைப் பிடித்தார். மரகதம் பக்கத்தில் நின்றாள்.

வைத்துவிட்டேன்.

தேய்த்துத் தேய்த்துக் கழுவியும் மை போகவில்லை. இந்த நோட்டின் ஓரத்திலும் ஒட்டியிருக்கிறது.

ஜனவரி 29, வியாழன்

யாருக்கும் சொல்லாததை இங்கே எழுதுகிறேன்.

அன்றைக்கு வேதமூர்த்தி சார் தாளை நீட்டியதும் நான் முதல் வரியில் விரலை வைத்துப் படிக்க ஆரம்பித்தேன். எனக்கு ஒரு பக்கத்துக்குக் கால்மணி நேரமாவது வேண்டும். இரண்டு வரி போயிருப்பேன். அவர் வாட்ச்சைப் பார்த்தார். "பெரியவரே, படிக்கத் தெரியுமா, இல்ல மை டப்பாவ எடுக்கட்டுமா?" என்றார். டப்பாவை எடுத்தே விட்டார். டிரைவர் என்னைப் பார்த்து இளித்தான். "தெரியும்ங்" என்று சொன்னேன். சொன்ன வேகத்தில் பேனாவை வாங்கிப் போட்டுவிட்டேன்.

ஐந்நூறு என்று எழுதியிருந்தது மூன்றாம் பக்கத்தில். முதல் பக்கத்தையே நான் தாண்டவில்லை.

கையெழுத்துப் போட்ட அன்றைக்கு நான் ஒரு பாட்டும் பாடினேன். அதை இந்த நோட்டில் எழுதவில்லை.

பிப்ரவரி 2, திங்கள்

ஷெரிஃபின் புகாருக்குப் பதில் வந்துவிட்டது. மற்றதற்கெல்லாம் மாதக்கணக்கில் காத்திருந்தார்கள், இதற்கு ஆறே நாள். பந்தயம் முடிந்த பிறகு விசாரிக்கப்படும், சான்றிதழ் அதுவரை செல்லும் என்று பதில்.

"செத்த பொறவு ஆஸ்பத்திரிக்குச் சீட்டுத் தாறானுக" என்றான் பெனடிக்ட்.

பிப்ரவரி 4, புதன்

வேதமூர்த்தி சார் என் போனுக்கே கூப்பிட்டார். நம்பர் எப்படிக் கிடைத்ததோ.

"பெரியவரே, நல்லா இருக்கீங்களா? நீங்க கையெழுத்துப் போடறத என் டிரைவர் வீடியோ எடுத்து வெச்சிருக்கான். இப்ப கைநாட்டு வெச்சு இல்லைங்கறீங்க. போலீசுக்குப் போனா யாரு உள்ள போவா?"

போனை மற்றக் காதுக்கு மாற்றினேன்.

"பந்தயம் நல்லபடியா நடக்கட்டும். அப்புறம் இந்தப் பேப்பர யாரும் எடுத்துப் பாக்க மாட்டாங்க. வெச்சிடட்டுமா?"

வைத்துவிட்டார். ஆட்டை அவிழ்க்க மறந்துவிட்டேன். மத்தியானம் வரை அது கட்டிய இடத்திலேயே கத்திக்கொண்டிருந்தது.

பிப்ரவரி 5, வியாழன்

ஜெயிலுக்குப் பயப்படுகிறேன். மரகதத்தின் முகத்துக்கு அதைவிட அதிகமாகப் பயப்படுகிறேன். முந்நூற்று நாற்பது தப்படிக்கு எல்லாவற்றையும்விட அதிகமாகப் பயப்படுகிறேன். அப்படியிருந்தும் வாயைத் திறக்க முடியவில்லை.

பிப்ரவரி 7, சனி

இன்று வண்டிகளுக்கு ஸ்டிக்கர் பார்த்தார்கள். மரகதத்தின் மஞ்சள் சரியான மஞ்சளாம். கடைக்கு மூன்று தரம் நடந்து வாங்கியது. சீல் குத்திக் கொடுத்தார்கள். பிரேக்கை யாரும் தொட்டுப் பார்க்கவில்லை.

சாயங்காலம் அவள் முற்றத்தில் உட்கார்ந்து செயினுக்கு எண்ணெய் போட்டாள். பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

"மரகதம், நாளைக்கு ஓட்டோணுமா?"

"ஏனுங்ப்பா, பயமா?"

"ஆமா."

"எனக்கும் பயந்தானுங். நாலு வருசமா எதோ ஒண்ணச் சொல்லி என்னத் தட்டி விடறானுக. இந்தத் தடவ ஸ்டிக்கரும் சரி, பேப்பரும் செல்லும். பதிமூணரைக்குள்ள வந்தா அகில இந்தியாவுக்குப் போயிருவேன். ஒரே ஒரு ஓட்டம். அதுக்கப்புறம் இந்தத் தளத்துப் பக்கமே வரமாட்டேன், சத்தியமா."

பேப்பரும் செல்லும் என்றாள். அப்போதாவது சொல்லியிருக்க வேண்டும். "எண்ணெ சட்டையில சிந்துது பாரு" என்றேன்.

பிப்ரவரி 8, ஞாயிறு, காலை

கேட்டைத் திறந்துவிட்டேன். தளத்தைக் கூட்டிவிட்டேன். கூட்டம் வர ஆரம்பித்துவிட்டது. இதை வேப்பமரத்தடியில் நின்று எழுதுகிறேன். எழுத்து கோணுகிறது.

பிப்ரவரி 9, திங்கள்

நேற்று நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். அவசரமில்லை. இன்று யாரும் என்னைத் தேடி வர மாட்டார்கள்.

முதலில் சின்ன வண்டிகள் ஓடின. அவை நூற்றுப் பத்துக்கு மேல் போகாது. பள்ளத்துக்கு வெகுதூரம் முன்னாலேயே நின்றுவிட்டன. வேதமூர்த்தி சார் கூடாரத்தில் மோர் குடித்துக்கொண்டே, "பாத்தீங்களா, என்னவோ சொன்னீங்களே" என்று ஷெரிஃபிடம் சிரித்தார். பெனடிக்ட் ஓடி மூன்றாவதாக வந்தான்.

பதினொரு மணிக்குப் பெரிய வண்டி வகுப்பு. மரகதத்துடையது. முதல் ஜோடியில் சேலத்துக்காரர் ஒருவர் கோட்டைத் தாண்டினார். பின் சக்கரம் பூட்டிக்கொண்டு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் வீசியது. சிமெண்டில் ரப்பர் தீய்ந்த நாற்றம் என் மூக்கு வரைக்கும் வந்தது. நான் முடிவுக்கோட்டுப் பக்கம்தான் நின்றேன். அவர் நின்ற இடத்துக்கு ஓடினேன். முன் சக்கரத்துக்கும் விளிம்புக்கும் நடுவில் ஆறு தப்படி. அவர் வண்டியை விட்டு இறங்கி, அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். தூரத்தில் கூட்டம் கைதட்டியது. வித்தை காட்டினார் என்று நினைத்துக்கொண்டார்கள்.

சேலத்துக்காரரின் வண்டியை விட மரகதத்தின் வண்டிக்கு வேகம் அதிகம்.

அங்கிருந்து கிளம்பும் கோடு வரைக்கும் எப்படி ஓடினேன் என்று தெரியவில்லை. தளத்தின் நடுவிலேயே ஓடினேன். "யோவ், பெருசு! ஓரமாப் போ!" என்று மைக்கில் கத்தினார்கள். மரகதம் கோட்டில் நின்றாள், ஹெல்மெட் போட்டு. பின் சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கியாகிவிட்டது. கம்பத்தில், பச்சைக்கு முந்தின மேல் விளக்கு எரிந்தது. நான் அவள் முன் சக்கரத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன்.

வேதமூர்த்தி சார் வேகமாக வந்தார். கூட ஷெரிஃப், பந்தோபஸ்துக்கு வந்த சப் இன்ஸ்பெக்டர் அம்மா, எல்லோரும்.

மூச்சு வாங்கியது. "அந்தக் கையெழுத்து என்னுதுங்" என்றேன். "நாந்தான் போட்டேன். படிக்காமப் போட்டுட்டேன். ஐந்நூறு இல்லீங். முந்நூத்தி நாப்பது தப்படிதான். கைநாட்டு வெச்சதுதான் பொய்யி. எனக்கு எழுதத் தெரியும்."

மரகதம் ஹெல்மெட் கண்ணாடியை மேலே தூக்கினாள். நான் அவளைப் பார்க்கவில்லை. டயரைப் பார்த்தேன்.

"வயசானவர், வெயில்ல என்னவோ பேசறாரு" என்றார் வேதமூர்த்தி சார். "கூட்டிட்டுப் போங்க."

சப் இன்ஸ்பெக்டர் அம்மா என்னிடம் குனிந்தார். "தாத்தா, வாய்ல சொன்னா நான் நிறுத்த முடியாது. எழுத்துல குடுத்தீங்கன்னா நிறுத்தலாம். குடுக்கறீங்களா?"

"குடுக்கறனுங்."

"சரி, நான் எழுதறேன்" என்று வேதமூர்த்தி சார் சட்டையிலிருந்து பேனாவை எடுத்தார். "நீங்க கீழ கையெழுத்து மட்டும் போடுங்க."

"வேண்டாம்ங். நானே எழுதறேன்."

ஜீப்பின் முன்பக்கத்தில் தாளை வைத்தார்கள். இரும்பு சுட்டது. எட்டு வரி எழுத முப்பத்தைந்து நிமிடம் ஆயிற்று. பின்னால் ஹாரன் அடித்தார்கள், விசில் அடித்தார்கள். "பரிட்ச எழுதறாரு, எக்ஸ்ட்ரா பேப்பர் குடுங்கப்பா" என்று எவனோ கத்தினான். வியர்வை சொட்டி இரண்டு இடத்தில் எழுத்து கரைந்தது. அதைத் திரும்ப எழுதினேன். என் வாழ்க்கையில் அவ்வளவு பயந்ததில்லை. ஆனாலும் ஒன்றைச் சொல்ல வேண்டும். 'விளிம்பு' என்ற சொல் ஒரே தடவையில் பிழையில்லாமல் வந்தது. அந்த நேரத்திலும் அது தெரிந்தது.

கடைசியில் முழுவதையும் ஒருமுறை படித்துப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டேன்.

சப் இன்ஸ்பெக்டர் அம்மா பந்தயத்தை நிறுத்தினார். மரகதம் வண்டியைத் தள்ளி வேனில் ஏற்றினாள். என்னைக் கடந்துதான் போனாள்.

பிப்ரவரி 10, செவ்வாய்

சோறு வைத்துவிட்டு வேலைக்குப் போயிருக்கிறாள். பேசவில்லை.

பிப்ரவரி 13, வெள்ளி

ஃபெடரேஷனின் உத்தரவு வந்தது. 'தளப் பொறுப்பாளர் தவறான சான்று அளித்ததால்' இந்தத் தளத்துக்கு மூன்று வருடம் அங்கீகாரம் இல்லை. கிளப்பில் எல்லோருடைய லைசென்சும் நிறுத்திவைக்கப்படுகிறது. வேதமூர்த்தி சார் பெயர் அதில் எங்கேயும் இல்லை. நான் மூன்று தரம் தேடினேன்.

ஷெரிஃப் தாளைக் கொடுத்துவிட்டு உடனே திரும்பிவிட்டார். பெனடிக்ட் மட்டும் நின்றான்.

"நல்லாப் படிச்சீங்கய்யா. நாங்க எல்லாருமே வீட்டுல உக்காந்து படிக்கற மாதிரி பண்ணீட்டீங்க."

"தப்புத்தான், பெனடிக்ட்."

"மொதல்லயே சொல்லிருந்தா, நாங்க கூடப் படிச்சுக் காட்டிருப்பமில்ல." வண்டியை உதைத்துக் கிளம்பிவிட்டான்.

அவன் சொன்னது சரி.

பிப்ரவரி 15, ஞாயிறு

காலை ஏழு மணிக்கு மரகதம் வண்டியை வெளியே எடுத்தாள். ஒரு வாரத்துக்குப் பிறகு முதல் பேச்சு.

"கேட்ட ரெண்டு பக்கமும் நல்லாத் தொறந்து வைங்க. வெளிய ரோட்டுல ஆரும் வராமப் பாத்துக்கோணும்."

"எதுக்கு?"

"எனக்குத் தெரியோணும்."

அவள் திட்டத்தைப் பிறகுதான் புரிந்துகொண்டேன். பள்ளத்துப் பக்கமிருந்து கிளம்பி, திசை மாறி, கேட்டை நோக்கி வரப்போகிறாள். ஷெரிஃபின் டேப்பை வாங்கி வந்திருந்தாள். கேட்டிலிருந்து உள்பக்கமாக இருநூற்று நாற்பது மீட்டர் அளந்து சுண்ணாம்பில் ஒரு கோடு போட்டாள். அதுதான் முடிவுக்கோடு. அங்கிருந்து நானூற்று இரண்டு பின்னால் போய் இன்னொரு கோடு. அதுதான் கிளம்பும் இடம்.

"கேட்டத்தான் பள்ளம்னு வெச்சுக்கோணும்" என்றாள். "கேட்டுக்கு உள்ள நின்னுட்டா, நீங்க என் பந்தயத்தக் கெடுத்தீங்க. அப்பறம் உங்ககிட்ட நான் பேசோணுமான்னு யோசிக்கறேன்."

நான் கேட்டுக்கு வெளியே ரோட்டோரம் நின்றேன். நேரான ரோடு, காலியாக இருந்தது. கும்பிட வேண்டும் என்று தோன்றியது. யாரைக் கும்பிடுவது, எதைக் கேட்டு என்று தெரியவில்லை. உள்ளே நின்றுவிட வேண்டும் என்று கேட்டால் நான் அவளுக்குச் செய்தது பெரிய அநியாயம் என்றாகிவிடும். நிற்கக் கூடாது என்று கேட்க எந்த அப்பனுக்கு வாய் வரும்?

தூரத்தில் எஞ்சின் சத்தம் ஏறியது. புள்ளியாக இருந்தவள் பெரிதானாள். சுண்ணாம்புக் கோட்டைத் தாண்டினாள். உடனே பிரேக் பிடித்தாள், பார்த்தேன், கொஞ்சம்கூடத் தாமதிக்கவில்லை. உடம்பு முன்னால் சாய்ந்தது. பின் சக்கரம் பூட்டியது, விட்டாள், மறுபடியும் பிடித்தாள். புகை. கிறீச்சென்று சத்தம். கேட் வந்துவிட்டது. கேட்டைத் தாண்டி, என்னைத் தாண்டி, காற்று என் துண்டை இழுத்துக்கொண்டு போக, வண்டி போய்க்கொண்டே இருந்தது. பிறகு நின்றது.

கேட்டிலிருந்து நடந்தேன். எண்ணிக்கொண்டே நடந்தேன். வேறு எப்படி நடப்பது என்று எனக்குத் தெரியவில்லை.

அவள் வண்டியின் மேலேயே உட்கார்ந்திருந்தாள். ஹெல்மெட் வாரை அவிழ்க்கப் பார்த்தாள், அது வரவில்லை. நான் அவிழ்த்துவிட்டேன்.

"எத்தன தப்படிங்ப்பா?"

"நாப்பத்தி மூணு."

"சரியா எண்ணுனீங்களா?"

"எண்ணுனேன்."

அவள் ரோட்டில் தான் வந்த கறுப்புத் தடத்தைப் பார்த்தாள். அது கேட்டுக்கு உள்ளே வெகுதூரத்தில் தொடங்கி, அவள் காலடியில் முடிந்திருந்தது. வண்டியை விட்டு இறங்கித் தள்ளிக்கொண்டு வந்தாள். நான் பின்னால் பிடித்துத் தள்ளினேன். கேட்டுக்குள் வந்ததும் வண்டியைச் சாய்த்து நிறுத்திவிட்டு, கேட்டின் இரண்டு கதவுகளையும் அவளே இழுத்துச் சாத்தினாள். இரும்புக் கேட். சாத்திய கேட்டின் மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றாள்.